தபால் தலை விற்கும் பொறியும் அதன் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வழியில், ஒரு புகைவண்டி நிலையத்தில் யாம் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. காசு இட்டாற் குடிநீர் தரும் பொறி ஒன்று அந்நிலையத்தின் நடைமேடையில் நின்றது. முதிய அம்மையார் ஒருவர் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்து அதன் துளையில் இட்டார். காசு உள்ளே விழுந்த ஓசை கேட்டது; நீர் வரவில்லை. அவர் பொறியை ஒரு முறை தட்டிப் பார்த்தார். பின்னர் அதன் பக்கத்தே சென்று எட்டியும் பார்த்தார். அங்கே சுவர் இருந்ததேயன்றி ஆள் ஒருவரும் இல்லை. எம்மை நோக்கி, "இதுக்கு ஆளு யாரு, தம்பி?" என்று வினவினார். யாம் விடை கூற அறியாது நின்றோம். அதற்குள் வண்டியும் வந்துவிட்டது.

ஐந்து ரூபாய் சிறு தொகையே. ஆயினும் அவ்வம்மையார் கேட்ட கேள்வி சிறியதன்று. கடைக்காரன் ஒருவன் காசை வாங்கிக்கொண்டு பண்டத்தைத் தர மறுப்பானாயின், அவனை முகத்துக்கு முகம் கேட்கலாம். பக்கத்தில் நிற்போர் நியாயம் சொல்வர். பொறி காசை விழுங்கிவிட்டால் யாரைக் கேட்பது? மனிதன் இருந்த இடத்திற் பொறியை நிறுத்துவோர், அம்மனிதன் சுமந்திருந்த பொறுப்பை எங்கே வைத்தனர் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லரோ? இதனை ஆராய்தற்குத் தபால் தலை விற்கும் பொறியினும் தக்க எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை. என்னை? தபால் தலை அரசாங்கத்தின் பொருள். அதனை வாங்குவோர் எல்லா நிலையினரும் ஆவர். அதனை விற்கும் பொறிகளை ஒரு பெரிய தேசம் நூறாண்டு அளவும் நடத்தி, அவற்றுக்கு விதியும் கணக்கும் வகுத்து, இறுதியில் அகற்றியும் விட்டது. ஆதலின் இப்பொருளின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே வைத்து நோக்கலாகும்.

காசுக்குப் பண்டம் தரும் பொறி புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்தில் வாழ்ந்த ஹீரோ என்னும் அறிஞர், ஆலயத்திற் புனித நீர் வழங்கும் பொறி ஒன்றனைத் தம் நூலில் விவரித்துள்ளார். காசு ஒரு நெம்புகோலின் தட்டில் விழும்; அதன் பாரத்தால் அடைப்பு உயரும்; காசு வழுக்கிக் கீழே விழும் அளவும் நீர் ஒழுகும்; பின்னர் அடைப்பு தானே மூடும். இக்காலத்துக்கு வருவோமாயின், பெர்சிவல் எவரிட் என்பார் 1883-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தபால் அட்டை விற்கும் பொறியை அமைத்தார். அது நின்ற சில நாளிலேயே, மக்களிற் சிலர் காசுத் துளையிற் காகிதத்தையும் பழத்தோலையும் திணிக்கத் தலைப்பட்டனர் என்பர். பொறி பிறந்தபொழுதே அதற்குக் காவலும் மேற்பார்வையும் வேண்டும் என்பதும் உடன் பிறந்தது என்க.

தபால் தலையையே விற்கும் பொறிக்கு வழிகாட்டியவருள் ஒருவர் நியூஸீலாந்துத் தபால் இலாகாவில் ஊழியராய் இருந்த ராபர்ட் டிக்கி என்பவர். நாள்தோறும் சாளரத்தருகே கூடும் மக்களுக்கு ஒற்றைப் பென்னித் தலைகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கும் வேலையின் அருமையை அறிந்தவர் அவர். அவர் ஆக்கிய பொறி 1905-ஆம் ஆண்டில் வெல்லிங்டன் நகரத் தலைமைத் தபால் நிலையத்தில் வைத்துப் பரிசோதிக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தபால் இலாகா 1908-ஆம் ஆண்டு முதல், பொறிகளுக்கு ஏற்பத் தபால் தலைகளைச் சுருள் சுருளாகச் செய்து வெளியிட்டது. 1964-ஆம் ஆண்டில், மக்கள் தாமே தலை வாங்கித் தாமே தபால் அனுப்பத்தக்க தபால் நிலையங்களையும் அவ்விலாகா ஏற்படுத்தியது. சாளரம் மூடிய பின்னும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் ஒருவர் கடிதத்துக்குத் தலை வாங்கக் கூடியதாயிற்று. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவோனுக்கு இஃது எத்துணைப் பேருதவி என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிற்க. பொறியை வாங்கி நிறுத்துதல் ஒரு நாள் வேலை. அதனை நடத்துதலோ நாள்தோறும் செய்யும் வேலை. அவ்வேலையின் தன்மை யாதெனின், முதலாவது, தபால் தலை காகிதமாகத் தோன்றினும் காசேயாகும் என்பதை மறவாமை. ஆதலால் பொறிக்குள் வைக்கும் தலைகளெல்லாம், அப்பொறியைக் கவனிக்கும் ஊழியர் ஒருவரின் பொறுப்பில் எழுதப்படும். எடுத்துக்காட்டாக, ஐந்நூறு டாலர் மதிப்புள்ள தலைகள் அவர் பெயரில் ஏறினவென்று கொள்வோம். ஒரு கிழமை கழித்துத் திறந்து பார்க்கையில் முந்நூற்றிருபது டாலருக்குத் தலைகள் எஞ்சியிருப்பின், காசுப் பெட்டியில் நூற்றெண்பது டாலர் இருத்தல் வேண்டும். குறையினும் கூடினும் காரணம் எழுதப்பட வேண்டும். எந்த நாளிற் பொறி திறக்கப்பட்டது, எத்துணைத் தலைகள் சேர்க்கப்பட்டன, எத்துணைக் காசு எடுக்கப்பட்டது, எந்த உறுப்புப் பழுதுற்றது என்பனவெல்லாம் குறிப்பேட்டில் ஏறல் வேண்டும். எடுத்த காசு தபால் நிலையத்தின் அன்றாடக் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

இரண்டாவது, திறவுகோல். அமெரிக்கத் தபால் நிலையங்களில் ஓர் ஊழியர் பொறுப்பிலுள்ள பூட்டின் மாற்றுத் திறவுகோலை உறையிலிட்டு முத்திரித்து, கையெழுத்திட்டுப் பாதுகாப்பாக வைப்பது வழக்கம். அவ்வுறை அவரறியாமற் பிரிக்கப்படின், பிரித்தது தானே வெளிப்படும். ஒருவர் பொறுப்பிற் பிறர் கை புகாதிருத்தற்கு இஃது ஏற்ற வழியாம்.

இவ்விதிகளைப் படித்த எம் நண்பருள் ஒருவர், "ஊழியரை இவ்வளவு ஐயுறுதல் தகுமோ?" என்றார். யாம் அவ்வாறு கருதவில்லை. பிறர் பொருளைக் கையாளும் உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்கப்படும் என்பது நம்மிற் பலர் சிறு பிராயம் முதற் கேட்டு வளர்ந்த பாடம். அப்பாடத்தின் மற்றொரு பக்கத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: கணக்கு எழுதப்படாத இடத்தில் நேர்மையுடையவனே முதலிற் கெடுகிறான். பொறியின் உறுப்பு ஒன்று தேய்ந்து, ஒரு தலைக் கட்டுக்குரிய காசுக்கு இரண்டு கட்டுகளை அது வெளியே தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழமை முடிவிற் காசு குறையும். பழுதைக் குறித்த நாளேடும், உடனிருந்து எண்ணிய இரண்டாம் ஆளின் கையெழுத்தும் இருப்பின், குறை பொறியினுடையது என்பது விளங்கும். அவை இல்லையாயின், பொறியை யாரும் கள்வன் என்னார். திறவுகோல் வைத்திருந்தவனையே நோக்குவர். இருபது ஆண்டு உழைத்துத் தேடிய நற்பெயர் ஒரு திருகாணியின் தேய்வினால் அழிந்துவிடும். ஆகவே, கணக்கு ஊழியனுக்கு அரண் என்பதே எம் துணிபு.

இனி, பொறியால் வாங்குவோருக்கு நேரும் இடர்களைக் காண்போம். மீதிக் காசு கொடுப்பதொன்றே எத்துணைத் தொல்லையாயிற்று என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று. அங்கே தபால் தலைப் பொறிகள் மீதியை ஒரு டாலர் நாணயங்களாகத் தந்து வந்தன. 1979-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த சூசன் பி. ஆந்தனி டாலர், கால் டாலர் நாணயத்தை ஏறக்குறைய ஒத்த அளவினது, நிறமும் ஒன்றே. டாலரைக் கால் டாலர் என்று கருதிப் பிறருக்குக் கொடுத்து ஏமாந்தோர் பலர். மக்கள் அதனை விரும்பவில்லை. ஆயினும் பொறிகள் அதனை வழங்கிக்கொண்டேயிருந்தன. பொறிகளின் தேவையால் அரசாங்கக் கையிருப்புக் குறைந்தமையின், 1999-ஆம் ஆண்டில் அந்நாணயம் மீண்டும் ஒருமுறை அச்சிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டிற் பொன்னிறமான புதிய டாலர் வந்தபொழுது, பழைய பொறிகளும் ஏற்கும்படி அளவும் எடையும் மாற்றாது, நிறத்தையும் விளிம்பையும் மட்டும் மாற்றினர். பொறி செய்த பிழையை அறிய வேண்டுமாயின், அதனிடம் காசு கொடுத்தவர் படும் பாட்டைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

கட்டண உயர்வும் அத்தகையதே. அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 1999-ஆம் ஆண்டில் 33 சென்டு, 2001-இல் 34, 2002-இல் 37, 2006-இல் 39, 2007-இல் 41. ஒவ்வொரு முறையும் நாடெங்கும் உள்ள பொறிகளைத் திறந்து, பழைய தலைகளை நீக்கிப் புதியவற்றை வைத்து, விலையைத் திருத்தல் வேண்டும். சாளரத்தில் இருப்பவர், "ஐயா, இன்று முதல் இரண்டு சென்டு கூடுதல், இதோ குறைக்கு ஒட்டும் தலை" என்று ஒரு சொல்லிற் கூறித் தீர்ப்பார். பொறிக்கு அச்சொல் இல்லை. 2007-ஆம் ஆண்டில் விலை எண் பொறிக்கப்படாத, என்றும் செல்லுபடியாகும் தலை ஒன்றனை அவ்விலாகா வெளியிட்டது. கட்டணம் உயர்ந்த பின்னும் முன்பு வாங்கிய தலை பயன்படும் என்பது மக்களுக்குப் பெருநன்மை. அது வருமளவும் அத்தொல்லையை ஊழியரும் மக்களும் சுமந்தனர்.

இப்பொழுது எம் கருத்தின் நடுவிடத்துக்கு வந்தோம். பொறியைப் பற்றி மேலதிகாரிகளுக்கு அனுப்பப்படும் அறிக்கையில் முதலிடம் பெறுவது விற்பனைத் தொகை. இத்தனைப் பொறிகள், இத்தனை டாலர் என்று இரண்டு எண்கள் போதும் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்கள் பொய்யல்ல, ஆயினும் அவை முழு உண்மையையும் உரையா. ஒரு பொறி ஒரு கிழமையில் மூன்று நாள் பழுதுற்று நின்றது என்று கொள்வோம். அதன் விற்பனை பாதியளவாகக் குறையும். தொகையை மட்டும் காணும் அதிகாரி, "அவ்வூர் மக்களுக்குப் பொறியில் விருப்பமில்லை" என்று முடிவு கட்டுவார். மக்கள் விரும்பி வந்தனர், காசும் இட்டனர், ஏமாந்து திரும்பினர். மறுமுறை வராது நின்றனர். அவர்கள் வராமையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகக் கணக்கில் ஏறுகிறது. பழுதைத் திருத்தாமை, விருப்பமின்மை என்னும் பெயர் பூண்டு, பொறியை அகற்றுதற்கும் காரணமாகிவிடுகிறது. ஓர் ஏழையின் குறை எழுதப்படாது போவதோடு அமையாமல், அவனுக்கு விரோதமாகவே எழுதப்படுவதினும் கொடிது யாது?

அமெரிக்கப் பொறிகளின் இறுதிக் காலத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 2004-ஆம் ஆண்டில் அவ்விலாகா, ஐ.பி.எம். நிறுவனம் செய்தளித்த 2,500 புதிய தபாற் பொறிகளை நிறுத்தியது. அவை பொதியை நிறுக்கும், சேருமிடத்தைக் கேட்கும், கட்டணத்தைக் கணக்கிட்டுச் சீட்டை அச்சிட்டுத் தரும். கணக்கும் தானே எழுதப்பட்டுவிடும். இவை மிக்க நன்மைகளே, மறுக்கவில்லை. ஆனால் அவை வங்கி அட்டையை மட்டுமே ஏற்றன, காசை ஏற்கவில்லை. காசு ஏற்ற பழைய பொறிகளோ, முதுமையாலும் உதிரி உறுப்புகள் கிடையாமையாலும், விற்பனை குறைந்தமையாலும் படிப்படியாக அகற்றப்பட்டு, 2010-ஆம் ஆண்டளவிற் பெரும்பாலும் மறைந்தன. வங்கி அட்டை உடையவன் இரவிலும் பொதி அனுப்பினான். கையிற் சில்லறை மட்டும் உடையவன் சாளரம் திறக்குமளவும் காத்திருந்தான். அல்லது வேறு கடையைத் தேடிச் சென்றான். இவ்விருவருள் யாருக்கு இரவுப் பொறி மிகவும் தேவையாக இருந்தது என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

அற்றேல், தேய்ந்த பொறிகளை என்றும் காத்து வைத்திருத்தல் கூடுமோ என்று வினவலாம். கூடாது. கடிதம் எழுதும் வழக்கமே குறைந்துவருங் காலத்தில், நூறு டாலர் வருமானத்துக்கு அதனினும் மிக்க செலவு செய்யுமாறு எந்த இலாகாவையும் யாம் வற்புறுத்தவில்லை. காசை எண்ணுதற்கும் கொண்டு செல்வதற்கும் காவலுக்கும் ஆகும் செலவு சிறிதன்று என்பதும் உண்மையே. பொறியே வேண்டா, சாளரமே போதும் என்பாரோடும் யாம் உடன்படவில்லை. சாளரம் மாலையில் மூடிவிடும். உழைப்பாளியின் நேரமோ மாலைக்குப் பின்னரே தொடங்கும். யாம் கேட்பதெல்லாம், அகற்றுவதாயினும் நிறுத்துவதாயினும், முழுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்க என்பதே.

முழுக் கணக்கு என்பது எம் கருத்தில் நான்கு வரிகளாலாயது. ஒன்று, விற்றதும் எஞ்சியதும் பெட்டியிலிருந்த காசும் ஒத்தனவா என்பது. இரண்டு, பொறி எத்தனை மணி நேரம் பழுதுற்று நின்றது, பழுது அறிவிக்கப்பட்ட பின் எத்தனை நாளில் திருத்தப்பட்டது என்பது. மூன்று, காசை இழந்து முறையிட்டோர் எத்தனை பேர், அவருள் எத்தனை பேருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பது. நான்கு, அப்பொறியைப் பயன்படுத்த இயலாதவர் யாவர் என்பது: அட்டை இல்லாதவர், எழுத்தறியாதவர், கண்பார்வை குறைந்தவர், சக்கர நாற்காலியில் இருந்து காசுத் துளையை எட்டாதவர். முதல் வரியை எல்லா இலாகாக்களும் எழுதும். ஏனெனில் அஃது அவர்தம் பணம். மற்றை மூன்றும் மக்களுடைய பணத்தையும் நேரத்தையும் பற்றியன. அவற்றையும் அதே கருத்தோடு எழுதும் இலாகாவே மக்கள் இலாகா எனப்படும்.

இவையெல்லாம் நடைபெறாத கனவென்று சொல்லற்க. ஜெர்மனி தேசத்துத் தபால் தலைப் பொறிகள் மீதியைக் காசாகத் தராமல், அம்மதிப்புக்குத் தபால் தலைகளாகவே தருவன. வாங்குவோனுக்கு அது சிறிது வசதிக் குறைவே. ஆயினும் மீதிக் காசில்லை என்று பொறி அவன் பணத்தை விழுங்கிவிடுவதில்லை. பொறியை அமைத்தோர் முன்கூட்டியே, "காசு தீர்ந்தால் இவன் என் செய்வான்?" என்று எண்ணிப் பார்த்தனர் என்பது இதனாற் புலனாகும். பொறிக்கு இரக்கம் இல்லை. ஆனால் அதனை அமைப்போரும் நடத்துவோரும் இரக்கத்தை அதனுள் அமைக்கலாம். பொறியின் முகத்தில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும், ஊரார் பேசும் மொழியில், முதியோரும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருப்பின், அதற்கு ஆகும் செலவு எவ்வளவு? அவ்வெண்ணில் அழைத்தாற் பேசுதற்கு ஓர் ஆள் இருப்பின், அம்முதிய அம்மையாரின் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்.

நம் நாட்டிலும் பொறிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. சீட்டு, நீர், பணம் ஆகிய யாவும் பொறி வாயிலாக வருகின்றன. நம் கல்லூரியிற் படித்து வெளியேறிய அன்பர் பலர் தபால் நிலையங்களிலும் வங்கிகளிலும் புகைவண்டி இலாகாவிலும் பணிபுரிகின்றனர். இப்பொழுது படிக்கும் நம்மிலும் பலர் நாளை அவ்விடங்களுக்குச் செல்லக் கூடும். அங்கே நமக்கு முன் ஒரு நாள் ஓர் அறிக்கைத் தாள் வரும். அதில் விற்பனைத் தொகைக்கு ஒரு கட்டம் இருக்கும். பழுதுற்ற நாட்களுக்கும் ஏமாந்து சென்ற மக்களுக்கும் கட்டம் இல்லாதிருக்கவும் கூடும். அச்சிட்ட கட்டம் இல்லையென்று விட்டுவிடாமல், தாளின் ஓரத்திலேனும் அவற்றை எழுதி அனுப்புதல் நம் கடமையாகும். ஒருவர் எழுதினாற் குறிப்பு. பலர் எழுதினால் அடுத்த ஆண்டு தாளிற் கட்டமே அச்சாகிவிடும்.

தமிழ் பயிலும் மாணவருக்குப் பொறியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நகைக்கலாம். பொறியின் உறுப்புகளை யாம் அறியோம், ஆனால் "இதுக்கு ஆளு யாரு?" என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கியுள்ள முறையீட்டின் பொருளை அறிதல் எம் பாடத்துக்குப் புறம்பானதன்று. எந்தப் பொறியை எந்த இலாகா எங்கே நிறுத்தினும், அக்கேள்விக்கு விடையாக ஒரு மனிதனின் பெயரை முதலிற் குறித்து வைத்து, அதன்பின் பொறிக்கு மின்சாரம் கொடுப்பதே முறையென்று கூறி, இக்கட்டுரையை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.